பன்னிரண்டாம் தகவலாளி

அட்டவணையில் பிழை இல்லை. காலையிலிருந்து நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். கதை சொன்ன பதினொரு தகவலாளிகள், அந்த ஒரு கதையின் ஐந்து வடிவங்கள், ஒவ்வொருவருக்கும் எதிரே ஊர், வயது, தொழில், பதிவு செய்த நாள், சொல்லும்போது உடனிருந்தவர்கள். மூன்றாம் தகவலாளியான வளையல்கார ஆண்டாளம்மாளின் வயதுக்கு முன்னால் மட்டும் ‘ஏறத்தாழ’ என்று போட்டிருக்கிறேன், அதுவும் நேர்மையின் பொருட்டே. பிழையில்லாத ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு, குளிரூட்டிய ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில், எழுபது வயதுக்காரன் ஒருவன் ஏன் இப்படி வியர்க்க வேண்டும்? கைக்குட்டை நனைந்துவிட்டது. வியர்வையைத் துடைக்கும்போதெல்லாம் தம்பி தணிகாசலம் நினைவுக்கு வருகிறான், ஏனென்றால் அவனுக்கு வியர்க்காது, கடலைக்காய் பிடுங்குகிற வெயிலிலும் அவன் முதுகு காய்ந்த பலகை போலவே இருக்கும், முகம் மட்டும் சிவந்துகொண்டே போகும். வேண்டாம், அங்கே போக வேண்டாம், அட்டவணைக்கு வருவோம். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தைந்து. பதினொன்றரைக்கு உள்ளே மருத்துவர்கள் குழு கூடுகிறது. பக்கத்து நாற்காலியில் தணிகாசலத்தின் ஒரே மகள் வளர்மதி விடைத்தாள் கட்டைத் தொடையில் வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறாள். அவளுடைய சிறுநீரகம் முழுவதும் கெடுவதற்கு முன்னால் அவளுக்கு மாத்திரை கொடுக்கலாமா கூடாதா என்பதை அந்தக் குழு இன்று முடிவு செய்யும். வெளியே வாங்கித் தின்பதற்கு என் ஓய்வூதியமும் அவள் சம்பளமும் சேர்ந்தாலும் ஆகாத மாத்திரை. குழு ‘ஆம்’ என்றால் உண்டு, ‘இல்லை’ என்றால் இல்லை. அவ்வளவு எளிய விஷயம்தான், அதற்குள் என் தாள் எங்கே வந்தது என்பதுதான் எளியதாக இல்லை.

“பெரியப்பா, அந்தப் பேப்பரை இன்னும் ரெண்டு தடவ தடவுனீங்கன்னா எழுத்தே அழிஞ்சு போயிரும்” என்கிறாள் வளர்மதி, தலை நிமிராமல். சிவப்புப் பேனாவால் யாரோ ஒரு மாணவியின் லைசோசோமுக்கு அரை மதிப்பெண் போடுகிறாள். திண்டிவனத்தில் மேல்நிலைப் பள்ளி விலங்கியல் ஆசிரியை. நோயின் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்ன அன்று, இதே நாற்காலியில்தான் என்று நினைக்கிறேன், அவள் சிரித்தாள். “பதினஞ்சு வருஷமா போர்டுல வட்டம் போட்டு, இதுதான் லைசோசோம், செல்லோட குப்பையை எல்லாம் செரிக்கிற பை, உள்ள அம்பது வகை என்சைம் இருக்குன்னு சொல்லிக் குடுத்தேன். என்னோட பையில ஒண்ணு வந்தே சேரலன்னு எனக்கே தெரியல பாருங்க.” அந்த ஒரு நொதி போய்ச் சேராததால் ஒரு வகைக் கொழுப்பு உடைபடாமல் செல்லுக்குச் செல் தேங்குகிறது. சிறுநீரகத்தில், இதயச் சுவரில், நரம்பு முனைகளில், ஆண்டுக்கணக்காக, சத்தமில்லாமல். கண் மருத்துவர் ஒருவர்தான் முதலில் சந்தேகப்பட்டார், அவளுடைய கருவிழியின் மேற்பரப்பில் மெல்லிய சுழல்கோடுகளைப் பார்த்து. நாற்பது ஆண்டு அவள் கண்ணைப் பார்த்துப் பேசியிருக்கிறேன், ஒரு கோட்டையும் கண்டதில்லை. கண்டிருந்தாலும் குறிப்பில் எழுதியிருப்பேன், அதற்கு மேல் என்ன செய்திருப்பேன்? குறிப்பில் எழுதுவது ஒரு செயல் என்றுதானே வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலி ஒன்று கடந்து போகிறது, அதன் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுக்கு ஒரு தரம் கீச்சிடுகிறது, கீச்சிடும் இடம் வரும் வரும் என்று காத்திருக்கிறேன், தூரத்தில் போன பிறகும் காத்திருக்கிறேன்.

டாக்டர் ஷாஹிதா மூன்று வாரத்துக்கு முன்னால் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். இளம் வயது, ஆனால் பொறுமை இருக்கிறது, என்னைப் போன்றவனுக்குப் புரிகிற வேகத்தில் பேசுவார். தாளின் பின்புறத்தில் ஒரு பெரிய வட்டம், அதற்குள் மடிப்பு மடிப்பாக ஒரு வலை. “நொதி இங்கதான் சார் உருவாகுது. நூல் மாதிரி வெளிய வந்து, சரியான உருவத்துல மடியணும். மடிஞ்சிருக்கா, கோணலா இருக்கான்னு பாக்கறதுக்கு இங்கயே காவல் இருக்கு. சரியா இருந்தா மேல ஒரு அடையாளம் ஒட்டி லைசோசோமுக்கு அனுப்பும். அங்க போனா கொஞ்ச நாள் இருந்து வேலை செய்யும், அப்புறம் அதுவும் பழசாகி உடைஞ்சு, புதுசு வரும். கோணலா இருந்தா அனுப்பாது. உள்ளயே நிறுத்தி வெச்சுக்கும், சில மணி நேரத்துல பிரிச்சுப் போட்டுரும்.” வளர்மதியின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் அப்படித்தான் தெரிந்ததாம். நொதி உருவாகிறது, வெளியே வருவதில்லை. கொஞ்சம் கோணல்தான், வேலை செய்யத் தெரிந்த நொதிதான், ஆனால் காவல் விடுவதில்லை. அந்த மாத்திரை நொதியின் பிளவுக்குள் போய் உட்கார்ந்து, போய்ச் சேரும் வரை அதன் உருவத்தைத் தாங்கிப் பிடித்து, சேர்ந்ததும் தானே கழன்றுகொள்ளுமாம். “அப்படியானால் தகுதி உண்டுதானே” என்றேன். “சிக்கல் அங்கதான் சார். இவங்களோட மரபணு மாற்றம் இதுவரைக்கும் யார்கிட்டயும் பாக்காத ஒண்ணு. செல்லுல தேங்குதுன்னு மட்டும் காட்டுனா போதாது, இது மனுஷங்களுக்கு நோயைக் குடுக்குதுன்னு காட்டணும். பெண்களுக்கு ரத்தத்துல நொதி அளவு ஏமாத்தும். இவங்க அம்மாகிட்ட இந்த மாற்றம் இல்ல. உங்களுக்கும் இல்ல. அப்ப இவங்க அப்பாகிட்டேர்ந்து வந்திருக்கணும். அவருக்குச் சின்ன வயசுலேர்ந்தே கால் எரிச்சல், வியர்க்காம இருக்கறது, இதெல்லாம் இருந்துச்சுன்னா குழு ஒத்துக்கும். அவரைப் பத்தி என்ன தெரியுமோ எழுதிக் குடுங்க.” என்ன தெரியுமோ அன்றே எழுதிக் கொடுத்தேன். அட்டவணையாக.

அப்போது அவர் சொன்ன இன்னொன்று மறக்க மறுக்கிறது. கோணலானவற்றை மட்டும் அல்ல, அந்த வலைக்குள்ளேயே தங்கி வேலை பார்க்க வேண்டிய சில புரதங்களையும் செல் நிறுத்தி வைத்துக்கொள்கிறதாம். அவற்றுக்கு வாலில் ஒரு குறி இருக்கும். ஏதோ ஒரு நெரிசலில் அவை வெளியே செல்பவற்றோடு சேர்ந்து அடுத்த அறை வரைக்கும் நழுவிப் போய்விட்டாலும், அங்கே ஒருவன் நின்றுகொண்டிருப்பான், வாலைத் தடவிப் பார்ப்பான், குறி இருந்தால் பிடித்துத் திருப்பி அழைத்து வந்துவிடுவான். வாசல் வரை போக விடுகிறான், பிறகு அழைத்து வருகிறான். பிறகு என் அட்டவணையைப் படித்துவிட்டு டாக்டர் கேட்டார்: “அஞ்சு வடிவத்துலயும் தீமிதியிலதான் சார் ஆரம்பிக்குது. பத்தொன்பது வயசு. தீக்குழியில இறங்குனார், அதுக்கப்புறம் கால் எரிய ஆரம்பிச்சுது. இத வெச்சுப் பாத்தா குழு என்ன சொல்லும், தீக்காயம் பட்ட நரம்புன்னு சொல்லிரும். அதுக்கு முன்னாடி எதாவது?” என் வாய் திறந்தது. சொல் வாசல் வரை வந்தது. பிறகு மிக நிதானமான, ஆய்வரங்குகளில் பழகிய என் குரல் சொல்வதைக் கேட்டேன்: “அதற்குச் சான்று இல்லை.” சான்று இல்லை. மூன்று வாரமாகக் குளிக்கும்போதும் பல் துலக்கும்போதும் அந்த இரண்டு சொற்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இலக்கணம் சுத்தமான வாக்கியம். அவர் படிவத்தில் ‘தொடங்கிய வயது’ என்ற கட்டத்துக்குள் பத்தொன்பது என்று எண்ணால் எழுதினார்.

பொய் சொல்லவில்லை, முறைப்படி சொன்னேன். சேகரிப்பவன் தகவலாளி ஆகக் கூடாது. இந்த வாக்கியத்தை நாட்டார் வழக்காற்றியல் வகுப்பில் முப்பத்தோராண்டு கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். நீ கேட்கப் போகிறாய், சொல்லப் போகவில்லை. உன் சொல் ஒன்று கலந்தாலும் அந்தப் பதிவு கெட்டது. உனக்குத் தெரிந்த கதையை ஒருவர் தவறாகச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டு. ஒரு மாணவி களத்தில் தன் அத்தை சொன்ன பாடலில் ஒரு வரியை எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்பதற்காக அந்த ஒலிநாடா முழுவதையும் ஒதுக்கி வைத்தேன், அழுதாள். அப்படிப்பட்டவனாகத்தான் தொண்ணூற்றெட்டில், தீமிதிக் கதைகள் தொகுக்க எங்கள் ஊருக்கு ஆறு கல் தள்ளி ஒரு கிராமத்தில் உட்கார்ந்திருந்தேன். வளையல் பெட்டியை மூடிவிட்டு ஆண்டாளம்மாள் சொன்னார்: “கீழ்நெல்லிமங்கலத்துல ஒருத்தன் இருந்தான் சாமி. நல்ல பையன். அவன் குழியில எறங்கும்போது அம்மனுக்கு அவன் மேல ஆச வந்துருச்சு. ஒரு துண்டு தணல அவன் காலுக்குள்ள வெச்சு, இத வெச்சிக்கடா, நான் கேக்கும்போது குடுன்னு அனுப்பிட்டா. சாவுற வரைக்கும் அணையல.” என் தம்பியின் கதை. அவன் செத்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது, அதற்குள் பெயர் உதிர்ந்து ‘ஒருத்தன்’ ஆகியிருந்தான். நான் தலையை ஆட்டினேன். ஒலிநாடா சுற்றியது. “அப்புறம்?” என்று கேட்டேன். பிறகு தேடித்தேடிப் போய் மற்ற வடிவங்களையும் எடுத்தேன். காப்புக் கட்டியிருக்கும்போது சாவு வீட்டில் சோறு தின்றான் என்று இரண்டு பேர், குழியின் நடுவில் திரும்பிப் பார்த்தான் என்று நான்கு பேர், முறை தவறி முதல் ஆளாக இறங்கினான், பெண் விஷயத்தில் பொய்ச் சத்தியம் செய்தான், இப்படி. பதினொரு பேர் என் எதிரில் என் தம்பியைப் பற்றிப் பேசினார்கள். ஒருவரிடமும் அவன் என் தம்பி என்று சொல்லவில்லை. அதைப் பெருமையாக நினைத்தேன் என்பதையும் எழுத வேண்டும் என்றால் எழுதலாம்.

பத்தே முக்கால். கண்ணாடிக் கதவு திறந்து டாக்டர் ஷாஹிதா கோப்போடு வருகிறார், எங்களைப் பார்த்ததும் நிற்கிறார். எழுந்திருக்க முயல்கிறேன். “உக்காருங்க சார். வளர்மதி, சாப்பிட்டீங்களா?” “சாப்பிட்டேன் மேடம். பெரியப்பாதான் காலைலேர்ந்து அட்டவணை சாப்பிட்டுட்டு இருக்காரு.” டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் குனிகிறார். “சார், அந்தப் பழைய விஷயம். சின்ன வயசு. யாராவது கிடைச்சாங்களா? ஒரு சித்தப்பா, ஒரு வாத்தியார், அவர்கூடப் படிச்சவங்க, நேர்ல பாத்தவங்க யாராவது ஒருத்தர் போதும்.” நேரில் பார்த்தவர் ஒருவர். அவருடைய வெள்ளை மேலங்கியின் பையில் மூன்று பேனா இருக்கின்றன, நீலம், நீலம், பச்சை. வாசல் வரை வந்துவிட்டது. நாக்கின் நுனியில் அதன் எடை தெரிகிறது. யாரோ பின்னாலிருந்து அதன் வாலைத் தடவுகிறார்கள். “தேடிக்கொண்டிருக்கிறேன்” என்கிறேன். “பதினொண்ணரைக்குள்ள கிடைச்சா கதவைத் தட்டுங்க. இல்லன்னா இருக்கறத வெச்சுப் பேசறேன். கஷ்டம்தான்.” அவர் போகிறார். அவருடைய காலணி ஓசை கேட்காமல் போகிற வரை ‘டாக்டர்’ என்று கூப்பிட எனக்கு நேரம் இருந்தது, இருந்துகொண்டே இருந்தது, பிறகு இல்லை. “யாரைத் தேடறீங்க பெரியப்பா? எனக்கே சொல்லல” என்கிறாள் வளர்மதி. “எல்லாரும் இறந்துவிட்டார்கள்” என்கிறேன். இதுவும் இலக்கணம் சுத்தமான வாக்கியம், என் தாய், என் தந்தை, சித்தப்பா, எல்லாரும் என்பதற்குள் யார் யார் அடக்கம் என்று அவள் கேட்கவில்லை.

அறுபத்தேழு, சித்திரை. எனக்குப் பதின்மூன்று, அவனுக்கு ஒன்பது. நாள் நினைவில்லை, ஏறத்தாழ என்று போட்டுக்கொள்ளலாம். கடலைக்கொல்லைக்குப் போகாமல் மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் கழனித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தான். தண்ணீரின் மேல் தவிடு மிதந்தது. அவன் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டான். அப்பா வந்தார். அவர் அடிக்கிறவர் அல்ல, விசாரிக்கிறவர், ஊரில் பஞ்சாயத்துக்கு அழைப்பார்கள். அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “டேய் பெரியவனே, நீ சொல்லு. கூடவே படுக்கறவன் நீதான். இவன் கால் எரியுது எரியுதுன்றானே, நெசமா, வேசமா?” எனக்குத் தெரியும். இரவில் அவன் பாதத்தைச் சுவரின் ஈரமான பகுதியில் வைத்துக்கொண்டு தூங்குவான். காய்ச்சல் வந்தால் கை விரல்களை வாயில் வைத்து ஊதிக்கொள்வான். தொப்புளைச் சுற்றிக் கேழ்வரகு தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள், பம்புசெட்டில் குளிக்கும்போது நான் எண்ணியிருக்கிறேன், முப்பத்திரண்டு. அவன் போகாவிட்டால் அவன் பாத்தியையும் நான்தான் பிடுங்க வேண்டும், அன்று இரவு பக்கத்து ஊரில் கூத்து, இருட்டுவதற்குள் முடித்தால்தான் போகலாம். இவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று பல முறை தேடியிருக்கிறேன், பகையோ பொறாமையோ, கிடைக்கவில்லை. “வேசம்” என்றேன். அப்பா தலையை ஆட்டினார், தீர்ப்புச் சொல்லும்போது ஆட்டுவது போல. தணிகாசலம் காலைத் தொட்டியிலிருந்து எடுத்தான், துடைத்தான், கொல்லைக்கு நடந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வீட்டில் யாரிடமும் கால் எரிகிறது என்று சொன்னதே இல்லை. பத்தாண்டு. ஒரு முறை கூட. கூத்துக்குப் போனேன். என்ன கூத்து என்று நினைவில்லை, அதுதான் விந்தை, கூத்துகளின் பெயர்களை மறக்கிறவன் அல்ல நான்.

எழுபத்தேழில் அவன் காப்புக் கட்டிக்கொண்டான். கல்லூரியிலிருந்து நான் வந்திருந்தேன், குழியின் ஓரத்தில் நின்றேன். அவன் ஓடவில்லை, மற்றவர்கள் ஓடுவார்கள், அவன் நெல் நாற்றுக்குள் நடக்கிறவன் போல நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை, முதல் ஆளாகவும் இறங்கவில்லை, ஏழாவது ஆள். குழியைத் தாண்டி, பால்குழியில் கால் நனைத்துவிட்டு என்னிடம் வந்தான். உடம்பெல்லாம் மஞ்சள், ஒரு சொட்டு வியர்வை இல்லை. “அண்ணா, இனிமே காலு எரியுதுன்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க இல்ல” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றிரவு முதல் பத்தாண்டில் முதன்முறையாக எல்லார் எதிரிலும் காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், அம்மா வேப்பிலையால் விசிறினாள், அக்கம்பக்கத்தார் வந்து காரணங்கள் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களுக்குள் எது சரி என்று சண்டையே நடந்தது. ஐந்து வடிவங்களும் அந்த வாளியைச் சுற்றித்தான் பிறந்தன. அவன் ஒன்றையும் மறுக்கவில்லை, எது சொன்னாலும் இருக்கும் இருக்கும் என்றான். ஒரு வலிக்குக் கதை வேண்டியிருந்தது, கதை கிடைக்க அவன் நெருப்பில் நடந்தான். கதை வேண்டியிருந்ததற்குக் காரணம் ஒரு சொல். அந்தக் கதையைத்தான் பதினொரு பேரிடம் தேடித் தேடி எடுத்து, ஊர் வயது தொழிலோடு அட்டவணையிட்டு, அவன் மகளின் கோப்பில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். முப்பத்தாறு வயதில் சிறுநீரகம் போய், மூளையில் இரத்தக் குழாய் அடைத்துச் செத்தான். வளர்மதிக்குப் பத்து வயது. ஒரு தாய் எங்கள் இருவருக்கும் அந்த மரபணுவைக் கொடுத்தாள், அவளிடம் இருந்த இரண்டில் ஒன்று அவனுக்கு, மற்றொன்று எனக்கு. எனக்கு வந்தது நல்லது.

பதினொன்று பத்து. உடம்பில் எதுவும் தங்குவதில்லை என்று வளர்மதி ஒரு நாள் சொன்னாள். புரதங்கள் மணிக்கணக்கில், நாள்கணக்கில் உடைந்து புதிதாகிக்கொண்டே இருக்கின்றன, பதின்மூன்று வயதில் என் நாவில் இருந்த ஒரு நொதியும் இன்று இல்லை. அந்தச் சொல்லைச் சொன்ன தசை இல்லை, அதைக் கேட்ட அப்பாவின் காது இல்லை, தொட்டி இல்லை. எல்லாம் பிரித்துப் போடப்பட்டுவிட்ட பிறகு இது மட்டும் எந்த அறையில் இருக்கிறது? கோணலானதைச் சில மணி நேரத்தில் பிரித்துவிடும் என்றாரே டாக்டர். ஐம்பத்தேழு ஆண்டு பிரிக்காமல் வைத்திருக்கிற காவல் என்ன காவல்? நெஞ்சு படபடக்கிறது, இது மாரடைப்பாக இருந்தால் நல்ல இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நினைப்பு, அதைத் தொடர்ந்து, அப்படி நேர்ந்தால் சொல்லாமலே போய்விடலாம் என்று இன்னொரு நினைப்பு, அந்த இரண்டாவது நினைப்பில் இருந்த நிம்மதியைப் பார்த்துப் பயந்துபோகிறேன். பக்கத்தில் ஏதோ அசைகிறது. வளர்மதி விடைத்தாள்களைப் பைக்குள் வைத்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டாள். குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்து, இரண்டு பாதங்களையும் அதன் மேல் அழுத்தி, முன்னும் பின்னும் மெல்ல உருட்டுகிறாள். பல்லைக் கடித்திருக்கிறாள். மூக்கால் மூச்சு விடுகிறாள். துடைப்பத்தோடு வந்த ஒரு அம்மாள் நின்று, “ஏம்மா, செருப்பப் போடு. ஊசி கீசி கெடக்கும். காலுக்கு இன்னா?” என்கிறாள். “ஒண்ணும் இல்லக்கா. பஸ்ல நின்னுகிட்டே வந்தேன், வீங்கிடுச்சு” என்கிறாள் வளர்மதி, சிரித்துக்கொண்டே. நாங்கள் வாடகைக் காரில் வந்தோம். அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்தாள்.

“வளர்மதி” என்கிறேன். குரல் ஆய்வரங்கக் குரலாக இல்லை. “உங்க அப்பாவுக்கு ஒன்பது வயதிலேயே கால் எரிந்தது. நான் பார்த்தேன். தீமிதிக்குப் பத்து வருஷம் முன்னால். வியர்க்காது, வயிற்றில் சிவப்புப் புள்ளி இருக்கும், எண்ணியிருக்கிறேன். எங்க அப்பா என்னைக் கேட்டார். நான் வேஷம் என்று சொன்னேன். டாக்டர் கேட்டபோதும் சொல்லவில்லை.” பாட்டில் உருளுவது நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரில் கடிகாரத்தைப் பார்க்கிறாள். கண்ணில் அந்தச் சுழல்கோடுகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், இங்கிருந்து தெரியாது. ஏதாவது சொல்வாள் என்று காத்திருக்கிறேன், சக்கரத்தின் கீச்சுக்குக் காத்திருந்ததைப் போல. “எனக்குப் பதினோரு வயசுல கை எரியுதுன்னு உங்ககிட்ட வந்தேன் பெரியப்பா” என்கிறாள் கடைசியில். “ஞாபகம் இருக்கா? பரீட்சை பயம்னு டாக்டர் சொன்னாரு. நீங்க பேசாம இருந்தீங்க.” இருக்கிறது என்கிறேன். “சரி. மொதல்ல உள்ள போய் அவங்ககிட்ட சொல்லுங்க. நான் கோவப்படறதுக்கு நெறைய நேரம் இருக்கு. அவங்க பதினொண்ணரைக்கு ஆரம்பிச்சிருவாங்க.” என் மடியிலிருந்து அட்டவணையை எடுத்துக்கொள்கிறாள். “இது வேணாம்.”

கதவைத் தட்டினேன். நீள மேசை, ஐந்து பேர், ஆறாவதாக டாக்டர் ஷாஹிதா. யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று ஓரத்தில் இருந்த நரைத்த தலைக்காரர் கேட்டார், நியாயமான கேள்விகள், நானே கேட்டிருப்பேன். கைகளை நாற்காலியின் பிடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். பெயர் வேதாசலம். வயது எழுபது. ஊர் கீழ்நெல்லிமங்கலம். உறவு, உடன்பிறந்தவன், ஒரே பாயில் படுத்தவன். நேரில் பார்த்தது. சுவரின் ஈரம், தொட்டி, முப்பத்திரண்டு புள்ளிகள், காய்ந்த முதுகு. நடுவில் ஒரு முறை நின்றுவிட்டேன், யாரோ பின்னாலிருந்து பிடிப்பது போல இருந்தது, பிறகு மேலே சொன்னேன். “இத்தனை நாள் ஏன் சொல்லல?” என்று நரைத்தவர் கேட்டார். “அப்போது பொய் சொன்னேன். அதனால் பிறகு சொல்ல முடியவில்லை” என்றேன். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள், ஒருவர் தலையசைத்தார், இன்னொருவர் தோல்செல் அறிக்கையை மறுபடி புரட்டினார். டாக்டர் ஷாஹிதா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பச்சைப் பேனாவை எடுத்தார். அந்தக் கட்டத்தில் பத்தொன்பது இருந்தது. முன்னால் இருந்த ஒன்றை மட்டும் அடித்தார். ஒரே கோடு. மீதி அப்படியே சரியாக இருந்தது. “ஆறு மாசம் குடுத்துப் பாக்கலாம்” என்றார் நரைத்தவர். “மறுபடி அளந்து பாத்துட்டுத் தொடரலாம்.”

வெளியே வந்தேன். வளர்மதி அதே இடத்தில் இருந்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தன் பையை வைத்திருந்தாள். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். மாத்திரை என்றேன். ஆறு மாதம் என்றேன். அவள் தலையசைத்தாள், பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள், செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. தாழ்வாரத்தில் யாருடைய பெயரையோ இரண்டு முறை கூப்பிட்டார்கள். வெகுநேரம் கழித்துப் பையை எடுத்துத் தரையில் வைத்தாள். “இப்ப எங்கிட்ட சொல்லுங்க” என்றாள். “அப்பா ஒன்பது வயசுல எப்படி இருந்தாரு. நீங்க என்ன சொன்னீங்கன்றது எல்லாம் அப்புறம். அவரு எப்படி இருந்தாரு.” வாயைத் திறந்தேன். அவனைப் பற்றி நான் கேட்ட எல்லாக் கதைகளும் தீக்குழியின் ஓரத்திலேயே தொடங்குகின்றன. அதற்கு முன்னால் எப்படித் தொடங்குவது என்பதற்கு எனக்கு முன்மாதிரி இல்லை. “குள்ளமாக இருப்பான்” என்றேன்.